அப்பா மொழிபெயர்த்த துருக்கிப் படம்

என் அப்பாவுக்குத் துருக்கி மொழி தெரியும். வாணியம்பாடியில் இது தெரியாத ஆளே கிடையாது, ஏனென்றால் அவர் விடமாட்டார். கல்யாண வீட்டில் பிரியாணி வைக்கும்போது சோற்றுக்குத் துருக்கியில் என்ன பெயர் என்று ஆரம்பிப்பார். பக்கத்து இலைக்காரர் கைகழுவி எழுந்து போகும்வரை நிறுத்தமாட்டார். இளவயதில் இரண்டு வருஷம் இஸ்தான்புல்லில் ஒரு டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றும் வேலை பார்த்தவர். அம்மி (அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் போனில் உருதுவில் பேசும் துருக்கி சீரியலைப் போட்டால், பக்கத்து அறையில் இருந்துகொண்டே அதில் வரும் ஊர்ப் பெயர்களைத் திருத்துவார். திரைப் பக்கம் மட்டும் திரும்பமாட்டார்.

சினிமா எங்கள் வீட்டில் கூடாது. மார்க்கத்துக்காக என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒன்பதாவது படிக்கும்போது தோழிகளோடு சேர்ந்து ஆம்பூரில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தேன். வாசலிலேயே ஓர் அறை விழுந்தது. இரண்டு நாள் காது கொய்ங் என்றது. அதுவரை என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். அந்த அறையை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என் பேச்சில் சூடு தெரிந்தால் காரணம் புரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். கணவரோடு ஒத்துவராமல், கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்தக் கைக்குழந்தைதான் இன்று என் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். அவளுக்கு வடக்கே ஒரு கல்லூரியில் சினிமா ஒளிப்பதிவு படிக்க இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லவேண்டும்.

"நான் கேமராவுக்குப் பின்னாடிதான் நிக்கப்போறேன் நானா, முன்னாடி இல்ல" என்று அவள் தாத்தாவிடம் கெஞ்சினாள். தாயைப் பெற்றவர்களை எங்களில் நானா என்றும் நானி என்றும்தான் கூப்பிடுவோம்.

"முன்னாடி இன்னா, பின்னாடி இன்னா? அது ஆள முழுங்குற தொழிலு. அதப் பத்தி இந்த வூட்ல பேச்சே வேணாம்" என்றார் அப்பா.

நான் போய்க் கேட்டேன். அம்மி போய்க் கேட்டாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "நீ பேசாம கிளம்புடி, நான் பாத்துக்கறேன்" என்று கடைசியில் மகளிடம் ரகசியமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பேசக் கற்றதே நானாவின் மடியில். அவர் வாயால் சரி என்று வந்தால் போவேன், இல்லாவிட்டால் இல்லை என்றாள். பிடிவாதத்தில் தாத்தாவுக்குப் பேத்தி தப்பவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுடைய கல்லூரி நண்பர்கள் ஜவ்வாது மலையில் ஒரு திரைப்பட விழா நடத்தினார்கள். எல்லாம் விண்வெளிப் படங்கள். காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற மலை என்பதால் அங்கே. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு புளிக் கிடங்கை வாடகைக்கு எடுத்து ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி அரங்கம் ஆக்கியிருந்தார்கள். அதில் ஒரு துருக்கிப் படம் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் பழசு. அடுத்தவர்கள் படத்திலிருந்து ராக்கெட் பறக்கும் காட்சிகளை வெட்டி எடுத்து ஒட்டி, மிச்சத்தை அட்டையும் ஆட்டுத்தோலும் வைத்து ஒப்பேற்றிய படம். இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதற்கென்றே உலகம் முழுக்க ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறதாம்.

கிடைத்த பிரதியில் கீழே எழுத்து ஓடாது. என் மகளுக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. நானாவிடம் போனாள்.

"ஒரு சயின்ஸ் படம் நானா. துருக்கில பேசறாங்க. மலையில கீற ஜனங்களுக்கு ஒண்ணும் புரியாது. நீங்க மைக்ல உக்காந்து தமிழ்ல சொன்னாத்தான் உண்டு."

சயின்ஸ் படம் என்றதும் அப்பா கிரகணம், புவியீர்ப்பு என்று ஏதோ பாடப் படமாக நினைத்துக்கொண்டார். நாங்களும் திருத்தவில்லை. ஷெர்வானியை இஸ்திரிக்குக் கொடுத்தார். மகள் போட்ட கணக்கு எளியது: ஒருதரம் இருட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்துவிட்டால் மனிதர் இளகிவிடுவார், இறங்கும் வழியிலேயே படிப்புப் பேச்சை எடுத்துவிடலாம்.

ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். அம்மி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து நிலா, நட்சத்திரம், சூரியன் என்று துருக்கிச் சொற்களை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மத்தியானக் காட்சி. பாதிக் கூட்டம் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சிரிப்பதற்குத் தயாராக வந்த பிள்ளைகள். மீதி, சந்தைக்கு வந்துவிட்டு இலவசமாய்ப் படம் காட்டுகிறார்கள் என்று உள்ளே நுழைந்த சுற்றுவட்டார ஜனங்கள். கிடங்கு முழுக்கப் புளி வாசனை. திரைக்கு ஓரமாக ஒரு மேஜை, மைக், தண்ணீர் பாட்டில். அப்பா பிஸ்மில்லா சொல்லி உட்கார்ந்தார். மகள் எங்களுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு இருந்தாள். விளக்கு அணைந்தது.

கதை இதுதான்: வேறொரு கிரகத்து ராஜா பூமியில் உள்ளவர்களின் நிழலை எல்லாம் திருடிக்கொண்டு போய்விடுகிறான். நிழல் இல்லாமல் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. மீசைக்கார ஹீரோ மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிழலை மீட்கப் போகிறான். ராஜாவின் கிரீடம் சத்தியமாக ஒரு குக்கர் மூடி.

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மைக்கில் தொண்டையைக் கனைத்தார்.

"இவரு இன்னா சொல்றார்னா... நம்ம நெழல களவாடிட்டாங்கன்றாரு. இது சயின்ஸ்ல எப்டின்னு எனக்குத் தெரியல. அவரு சொல்றார், நான் சொல்றேன்."

கிடங்கே அதிர்ந்தது. அப்பா சிரிக்காமல் சொல்லச் சொல்லக் கூட்டம் இன்னும் சிரித்தது. ஹீரோ ஹீரோயினைக் கட்டிப்பிடித்து நெருங்கும் இடத்தில், "ரெண்டு பேரும் சலாம் சொல்லிக்கறாங்க" என்றார். சந்தைக்கு வந்த ஒரு பெரிய அம்மாள், "நல்லா சொல்லிக்கட்டும்" என்று கத்த, பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அப்பா முகத்தில்கூட லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மகள் என் கையைக் கிள்ளினாள். பலித்துவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

அப்புறம் பூதங்கள் வந்தன. ராஜாவின் படை. தலையிலிருந்து கால்வரை முடியோடு கூடிய ஆட்டுத்தோல், தோலில் ஓட்டை போட்ட கண்கள். பாறைகளுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. அப்பா மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுத் தோலைப் பார்க்க ஆரம்பித்தார். தொழில் புத்தி எங்கே போகும்?

"இது செம்மறித் தோலு. முடி எடுக்கல. உப்பு கூட ஒழுங்கா ஏறல, ஓரமெல்லாம் சுருண்டு கீது பாருங்க. நாறி இருக்கும். தள்ளிப்போட்ட சரக்கு இது" என்றார். கூட்டம் கைதட்டியது. "இந்த மாதிரி ஓரம் வெட்டறது எங்க டேனரிலதான்..."

அதோடு பேச்சு நின்றது. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. திரையில் ராஜா ஏதோ கத்திக்கொண்டிருந்தான். "நானா, இன்னா சொல்றான்?" என்று மகள் குரல் கொடுத்தாள். அப்பா திரையை வெறித்தபடி இருந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

ராஜா கையைத் தட்டினான். பூதங்கள் வரிசையாக நின்று தலைத்தோலைக் கழற்றின. அத்தனையும் சாதாரண மனித முகங்கள், வியர்வையில் பளபளத்துக்கொண்டு. மூன்றாவதாய் நின்ற முகம் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் நிக்காஹ் மாலையோடு தொங்குகிற முகம்.

அம்மி என் முழங்கையைப் பிடித்தாள். "அல்லா... உங்கப்பாடி."

 கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. என் அப்பா இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில், ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு, குக்கர் மூடி ராஜாவுக்கு முன்னால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்த நொடி எனக்கு வந்தது கோபம், தலை வெடிக்கிற கோபம். ஊருக்குத்தான் உபதேசமா? ஒரு படம் பார்த்ததற்குப் பெற்ற மகளை அறைந்த கை, அங்கே பூதத்தின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறதே! எழுந்து போய் அந்த மைக்கைப் பிடுங்கிக் கேட்டிருப்பேன். அம்மிதான் விடவில்லை. அவள் பிடி இன்னும் இறுகியது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற, இன்னும் சின்ன வயசுப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி" என்றாள் என் காதோடு.

இங்கே என் மாமுவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அம்மியின் ஒரே தம்பி. அப்பாதான் அவரை இஸ்தான்புல்லுக்கு வேலைக்குக் கூட்டிப்போனார். அங்கே டேனரியில் தோல் காயப்போடும் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், அப்பாவின் தோளில் ஊர் திரும்பினார். அப்போது எனக்கு நடக்கத் தொடங்கிய வயது. நான் கல்லூரி முடிக்கும்வரை எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் படுத்திருந்து, அந்தக் கட்டிலிலேயே மவுத்தானார். அத்தனை வருஷமும் அவரைப் புரட்டியது, துடைத்தது, மலம் அள்ளியது எல்லாம் அப்பா. வேறு யாரையும் தொடவிடமாட்டார். "மச்சானுக்கு இப்படி ஊழியம் செய்ற மனுசன் உண்டா" என்று ஊரே மெச்சியது. மாமு எழுந்து நின்று நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அவர் திரையில் நின்றார். அப்பாவைவிட அரை அடி உயரமாக இருந்தார். இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அப்பா பக்கம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பாட்டு மேலே ஓடியதால் குரல் கேட்கவில்லை. அப்புறம் தலைத்தோலை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினார். என்ன ஓட்டம்! காலை வீசிப் போட்டு, பாறைக்குப் பாறை தாவி, மற்ற பூதங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ஓடினார்.  அம்மியின் உதடு மட்டும் அசைந்தது.

பாறை உச்சியில் ஒரு கணம் நின்றார். கீழே பார்த்தார். குதித்தார்.

கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கமாக, மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி விழுந்தார். விழுந்த விதம் பார்க்க அவ்வளவு கோணலாக இருந்தது. கிடங்கு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. விசில். கைதட்டல். திரையில் மற்ற பூதங்கள் விழுந்து கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு ஓடின. கேமரா நிற்கவில்லை. ஹீரோ அவர் மேலேயே ஒரு காலை வைத்து நின்று வசனம் பேசினான். என் மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறக்கும் முன்பே மாமு போய்விட்டார், அவளுக்கு எப்படித் தெரியும்?

"சிரிக்காதீங்க."

மைக்கில் அப்பாவின் குரல் உடைந்து வந்தது. வசனத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. அவன் நடிக்கல. நெசமாவே வுழுந்தான். அதோட அவன் எழுந்திரிக்கவே இல்ல."

மகள் படத்தை நிறுத்தினாள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. யாரோ விளக்கைப் போட்டார்கள். அப்பா எழுந்து நின்றிருந்தார். மைக் கையில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது போல, கூட்டத்தைப் பார்க்காமல் அம்மியைப் பார்த்தே பேசினார். எல்லோரும் கேட்டார்கள்.

படக்காரர்கள் வேஷத்துக்குக் கழிவுத் தோல் கேட்டு டேனரிக்கு வந்தார்களாம். லீவு நாளில் தோலைக் கொண்டுபோய்ப் போட்ட இவர்களையே ஆள் குறைகிறது என்று மாட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு நாள் கூத்து. அப்பாவுக்கு ஒரே குஷி.

"மேல ஏறினதும் அவன் தயங்குனான். ஒசரமா கீது மச்சான்னான். நான்தான் கீழ இருந்து, குதிடா, ஒண்ணும் ஆவாதுன்னு கத்துனேன். நான்தான் சொன்னேன். டேனரில வுழுந்தான்னு சொல்லுன்னு அவன்தான் சொன்னான். அக்காகிட்ட சொல்லாதன்னான். சாவுற வரைக்கும் சொல்லல. நானும் சொல்லல. படம் வெளிய வந்ததுகூட எனக்குத் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு மனிதனையே எங்கள் கண் முன்னால், எங்கள் முன்னறைக் கட்டிலிலேயே மறைத்திருக்கிறார். என் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என்னை அறைந்த அன்று அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம் என்று அந்தக் கிடங்கில்தான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மலைக்காரப் பெண்கள் போகவில்லை. சலாம் சொல்லிக்கட்டும் என்று கத்திய அந்தப் பெரிய அம்மாள் வந்து அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

அம்மி அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் பேத்தியைப் பார்த்தாள்.

"திரும்பப் போடு. அவன் வுழறதுக்கு முன்னாடி நிறுத்திடு."

"நானி, வேணாம் நானி..."

"போடுன்றேன் இல்ல?"

மகள் போட்டாள். மாமு தலைத்தோலைக் கழற்றினார், சிரித்தார், ஓடினார், உச்சியில் நின்றார். நிறுத்தினாள். அம்மி மறுபடி என்றாள். மறுபடி ஓடினார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மி முதல் தடவையாக அவர் பக்கம் பேசினாள்.

"இங்க பாருங்க. அவன் உங்க காதுல இன்னா சொல்லிச் சிரிக்கிறான்?"

அப்பா திரும்பினார். மகள் அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியதில், திரையில் மாமு குனிந்த நிலையில் நின்றிருந்தார். அப்பா வெகு நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு மைக் இல்லாமல், சின்னக் குரலில் மொழிபெயர்த்தார்.

"இந்தக் கோலத்துல அக்கா பாத்தா நம்ம ரெண்டு பேரையும் செருப்பால அடிப்பான்னான்."

அம்மி சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். "அடிச்சிருப்பேன்" என்றாள். அந்தச் சிரிப்பிலிருந்தே அழுகை வந்தது. அந்த மலைக்கார அம்மாள் அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். நானும் மகளும் அழுதோம். அப்பா மட்டும் தொடத் துணிவில்லாமல் மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே, "இதுக்குத்தான் இந்தப் புள்ளய வேணாம்னேன். அது முழுங்கிடும்" என்றார்.

அம்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை.

"முழுங்கினது அது இல்ல, நீங்க. என் தம்பி ஓடுனத இத்தன வருசமா நீங்கதான் வயித்துல போட்டு வெச்சிருந்தீங்க. அந்தப் படமாவது அவன வெச்சிருந்து இன்னிக்கு எங்கிட்ட குடுத்துச்சு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மி கையைக் காட்டி நிறுத்தினாள். பேத்தியின் தாடையைப் பிடித்து, திரைப் பக்கம் திருப்பினாள்.

"அங்க ஒருத்தன் கேமராவ பிடிச்சிகினு நின்னான் பாரு. இவன் வுழுந்தத பாத்தான். பாத்துகினே நின்னான். நீ போ. போய்ப் படி. யாராவது வுழுந்தா கேமராவ கீழ போட்டுட்டு ஓடிப் போய்த் தூக்கறவளா இரு."

மகள் நானாவைப் பார்த்தாள். அப்போதும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவேண்டும் என்றுதான் காத்திருந்தாள். அப்பா மேஜையைச் சுற்றி வந்து, ஷெர்வானியோடு புளித்தூசி படிந்த தரையில் அம்மியின் காலடியில் உட்கார்ந்தார்.

"போய்ட்டு வா" என்றார்.